கண்ணமங்கலம் தாண்டிப் போட்ட தகடு

நெடுஞ்செழியன் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினான். வண்டி முன்னால் போகிற வழியைக் காணோம். பின்னால்தான் புகையாகத் தள்ளியது. சைடு கண்ணாடியில் சாலையே தெரியவில்லை. பின்னால் வந்த பைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போகும்போது ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். சொல்லட்டும். இந்த வண்டிக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு என்ன தெரியும்.

வேனின் நடு சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மெத்தை போட்டு அப்பா குப்புராஜைப் படுக்க வைத்திருந்தான். தலைமாட்டில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டர். அம்மா பாஞ்சாலை வண்டியின் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் சிலிண்டரையும் மறு கையால் அப்பாவின் முகத்தில் இருந்த மாஸ்க்கையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மூச்சை விடும்போது மாஸ்க்குக்குள் ஆவி படியும், இழுக்கும்போது தெளியும். வேலூரிலிருந்து கிளம்பியது முதல் நெடுஞ்செழியன் சாலையைப் பார்த்ததைவிட அந்த மாஸ்க்கைப் பார்த்ததுதான் அதிகம்.

"இன்னாடா உருட்டிகினு போற? ஜல்தியா போடா."

"போவமாட்டேங்குதும்மா. இழுவையே இல்ல."

"காலையில நல்லாதான வந்துது?"

நல்லாவெல்லாம் வரவில்லை. ஆரணியிலிருந்து காலியாக வரும்போதே இருமிக்கொண்டுதான் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து வாடகைக்குப் போகாமல் சும்மா நின்ற வண்டி. அவர் நன்றாக இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, ஈஜிஆர் வால்வைக் கழற்றி, டீசலில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்து மாட்டுவார். எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுகிற வால்வு அது. புகையில் விஷம் குறையட்டும் என்று கம்பெனி வைத்தது. நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். ஆனால் பழைய டீசல் எஞ்சினில் அந்த வால்வு கரி பிடித்து, திறந்தபடியே மாட்டிக்கொண்டால் தொலைந்தது. எஞ்சின் தன் புகையையே தின்றுகொண்டு நல்ல காற்றுக்குத் தவிக்கும். மேடு ஏறாது. வேகம் குறைத்தால் நின்றுவிடும்.

ஆரணியில் இதற்கு ஒரே வைத்தியம்தான். புகைக்குழாய்க்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து முறுக்கி, வழியையே அடைத்துவிடுவார்கள். போளூர் ரோடு ஒர்க்‌ஷாப்பில் நெடுஞ்செழியனே எத்தனையோ வண்டிக்கு அடைத்திருக்கிறான். அப்பாவின் வண்டிக்கும் ஒரு தகடு வெட்டி, துளை போட்டு, ஓரம் ராவி வைத்திருந்தான். அப்பா விட்டால்தானே.

"கம்பெனிக்காரன் இன்னா கேனையனா? அவன் வெச்சத நீ எதுக்குடா அடைக்கற?"

"அடைச்சா கரும்புகை கொறையும்ப்பா."

"கண்ணுக்குத் தெரியற புகை கொறையும். தெரியாதது? என் வண்டி போற தெருவுல புள்ளைங்க மூச்சு உட்டுகினு இருக்குது. என்கிட்ட பிரஷ் இருக்குது, நான் தேய்க்கறேன். உனக்கு இன்னா பேஜாரு?"

இப்படிப் பேசிய மனிதருக்குத்தான் நுரையீரல் போனது. பீடி பாதி, சாலை பாதி. இன்று மதியம் டாக்டர் நெடுஞ்செழியனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இப்போதே கொண்டுபோய்விடுங்கள் என்றார். அதைக் கேட்டு அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா நிற்கவில்லை. பையில் துணியை அடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"உசுரோட ஊட்டுக்குள்ள கொண்டும்போய் படுக்க வெச்சிடணும். அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றாள். "காலம் பூரா வண்டியிலயே படுத்து எழுந்தாரு. ஆடி மாசம் முழுக்கப் படவேட்டு கோயிலாண்ட, முகூர்த்த நாள்ல காஞ்சிபுரம் ரோட்டுல. ஊடு கட்டினாரே ஒழிய, அதுல எத்தினி நாளு தூங்கினாரு? போறப்பவாவது உள்ள இருந்து போவட்டும்."

ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று அவன் கேட்டபோது அப்பாவே மாஸ்க்கை விலக்கி, "நம்ம வண்டி" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தபிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

கண்ணமங்கலம் தாண்டி ஒரு மேடு. பெரிய மேடு என்றுகூடச் சொல்ல முடியாது, சைக்கிளில் போகிறவன் இறங்காமல் ஏறிவிடுவான். வண்டி முதல் கியரில் பாதி ஏறியது, நடுங்கியது, நின்றது. சாவியைத் திருப்பினான். பிடித்தது, ஒரு குபுக்கென்ற புகை, மறுபடி நின்றது. பிரேக்கை விட்டுப் பின்னால் உருட்டி, ஓரத்தில் புளியமர நிழலில் நிறுத்தினான்.

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். எஞ்சின் நின்ற சத்தத்துக்கு விழித்துக்கொள்வது அவருக்கு இத்தனை வருடப் பழக்கம்.

பானெட்டைத் திறந்தான். வால்வுக்கு வரும் சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கிப் பார்த்தான். ஸ்பேனரின் பின்பக்கத்தால் வால்வின் மேல் தட்டிப் பார்த்தான். அசையவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் போட்டான். கூட வேலை செய்யும் தருமன்தான் எடுத்தான். கைவசம் இருந்த ஒரே காரும் கியர்பாக்ஸ் இறக்கிக் கிடக்கிறது, வேறு யாரிடமாவது வாங்கிக்கொண்டு வருகிறேன், ஆனால் நேரம் ஆகும் என்றான்.

"நூத்தியெட்டக் கூப்பிடட்டுமாம்மா?"

"வேணாம். அவன் திருப்பி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டும்போவான்."

அப்போதுதான் வீட்டிலிருந்து தங்கை தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள். "அண்ணா, எங்க வந்துகினு இருக்கீங்க?"

"கண்ணமங்கலம் தாண்டிட்டோம்."

"பெரியப்பா வாசல்லயே நின்னுகினு இருக்காரு. ஜனமெல்லாம் வந்துட்டாங்க. பெஞ்சிய உள்ள போடவா வெளிய போடவான்னு கேக்கறாங்க."

"உள்ள போடு."

"நான் போட்டேன். பெரியப்பா எடுத்து வாசல்ல வெச்சிட்டாரு. வரட்டும், பாத்துக்கலாம்ங்கறாரு."

பெரியப்பா அருணாச்சலம் அப்பாவின் அண்ணன். வெளியில் உயிர் போன உடம்பு நிலைப்படி தாண்டி உள்ளே வரக் கூடாது, வந்தால் அந்த வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவு விழும் என்று நம்புகிற மனிதர். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருடைய மகன் குமரேசன் சேத்துப்பட்டு ரோட்டில் பைக்கில் அடிபட்டுச் செத்தான். அவனையே வீட்டுக்குள் விடவில்லை. ராத்திரி முழுக்கத் தூறல். தார்ப்பாய்க்குக் கீழே, தெருவில்தான் கிடத்தியிருந்தது. பெரியம்மா தெய்வநாயகி நிலைப்படியில் உட்கார்ந்து, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் விடிய விடிய மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து புருஷனுக்குச் சோறு போடுவாள், துணி துவைப்பாள், பேச மாட்டாள்.

"பெத்த புள்ளையவே வாசல்ல போட்டவரு. தம்பிக்கு விடுவாரா?" என்று அம்மா ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தாள்.

தகடு டூல்ஸ் பையில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நெடுஞ்செழியன் பக்கவாட்டுக் கதவுக்கு வந்தான். அப்பாவிடம் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்றும் தெரியும்.

"ப்பா, வால்வு மாட்டிகிச்சி. அடைச்சிடறேன். வேற வழி இல்ல."

அப்பா அவன் கையில் இருந்ததைப் பார்த்தார். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. அம்மா குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

"இன்னாம்மா சொல்றாரு?"

"திட்றாரு" என்றாள் அம்மா. "நீ போய் வேலையப் பாரு."

நெடுஞ்செழியனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

இரண்டே போல்ட். கழற்றி, இடுக்கில் தகட்டைச் செருகி, திருப்பி முறுக்கினால் முடிந்தது. ஒர்க்‌ஷாப்பில் என்றால் எஞ்சின் ஆறும்வரை டீ குடித்துவிட்டு வந்து செய்கிற வேலை. இப்போது குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. துண்டை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டான். தண்ணீர் பட்ட இடத்தில் எல்லாம் ஆவி சீறியது. முதல் போல்ட் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டாவது துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனர் போட்டு அழுத்தினால் நெளிகிற மாதிரி இருந்ததே தவிரத் திரும்பவில்லை.

இதன் தலை உடைந்துபோனால் கதை முடிந்தது. குழாய் பாதி திறந்தபடி தொங்கும். வண்டி இங்கேயே நிற்கும். அப்பா புளியமரத்தடியிலேயே போவார், பெஞ்சு வாசலிலேயே இருக்கும். பலம் கொடுத்தால் உடையும், கொடுக்காவிட்டால் திரும்பாது. ஜாக்கியின் கைப்பிடிக் குழாயை ஸ்பேனரில் மாட்டி, கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி முறுக்கினான். கை நடுங்கியது. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் இப்படி விடாமல் பேசி அவன் கேட்டதே இல்லை. வீட்டில் அப்பா இருக்கிற நாளில் அவள் சமையல்கட்டில் இருப்பாள். அவர் வண்டியில் இருப்பார்.

"தமிழு ஹாலக் கழுவி உட்டுட்டாளாம். அந்த மூலையில தண்ணி நிக்குது, நிக்குதுன்னு சொல்லிகினு இருந்தீங்களே, கொத்தனாரு வந்து பூசிட்டுப் போய்ட்டாரு. நீங்க வந்து பாக்கல... பக்கத்து ஊட்டு மாணிக்கவேலு பேத்திக்குக் காது குத்து, படவேட்டுல. உங்க வண்டிதான் வேணும்னு சொல்லிகிறாரு..."

போல்ட் ஒரு நூலளவு அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். இன்னும் ஒரு நூல்.

அம்மாவின் குரல் நின்றது.

அவன் நிமிரப் பார்த்தான். நிமிர்ந்தால் பிடி நழுவும். குழாயை விடாமல், "ம்மா?" என்றான்.

பதில் இல்லை. ஒரு லாரி இரைந்துகொண்டு போனது. அது போனபிறகும் சத்தமில்லை.

"ம்மா!"

"இன்னாடா? வேலையப் பாருடா" என்றாள் அம்மா. பிறகு மறுபடி ஆரம்பித்தாள், முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக. "ஆங்... காது குத்துக்கு எல்லாரும் போறாங்களாம். நம்மளையும் கூப்பிட்டுகிறாங்க. கடா வெட்றாங்களாம். உங்களுக்கு எலும்பு இல்லாத கறியா எடுத்து வெக்கச் சொல்லணும்..."

போல்ட் திரும்பிவிட்டது. உடையாமல் முழுசாக அவன் கையில் வந்து விழுந்தது. இடுக்கில் தகட்டைச் செருகினான். வெட்டி வைத்த நாளில் அளவு பார்த்தது வீண்போகவில்லை, துளைக்குத் துளை நேராக உட்கார்ந்தது. இரண்டு போல்ட்டையும் முறுக்கி, ரப்பர் குழாயின் வாயை ஒரு திருகாணியால் அடைத்தான். முழங்கையில் தோல் பொரிந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தான்.

சாவியைத் திருப்பினான். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. முதல் கியரில் மேட்டை ஏறி, மூன்றாவதில் இறங்கி, நான்காவதில் காற்றாகப் போனது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலை சுத்தமாகத் தெரிந்தது. நெடுஞ்செழியனுக்கு அந்த நேரத்திலும் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தியாப்பா? எப்படிப் போவுது பாத்தியா? சத்தம் கேக்குதா?"

உள்கண்ணாடியில் மாஸ்க்கைப் பார்த்தான்.

மாஸ்க் தெளிவாக இருந்தது. ஆவி படியட்டும் என்று காத்திருந்தான். படியவில்லை. சிலிண்டர் சீறிக்கொண்டுதான் இருந்தது. அம்மா மாஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், பறந்துவிடும்போல. கண்ணாடி வழியாக அவனையே பார்த்தாள்.

"முன்னாடி பாத்து ஓட்டு" என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்பா போய்விட்டார். இப்போது இல்லை, அங்கே, புளியமரத்தடியில், அம்மாவின் குரல் நின்றபோது. அதற்கப்புறம் அவள் காது குத்தைப் பற்றியும் கறியைப் பற்றியும் பேசியதெல்லாம் அப்பாவுக்காக இல்லை. இவன் கை நடுங்கக் கூடாது என்று, இவனுக்காகப் பேசியது. செத்துப்போன புருஷனிடம் எலும்பில்லாத கறி எடுத்து வைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நெடுஞ்செழியன் பிரேக்கின் மேல் காலை வைத்தான்.

"நிறுத்தாத."

"ம்மா..."

"நிறுத்தாதடா. உங்க அப்பா உசுரோட கீறாரு. ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் கீறாரு. கண்ணத் தொடச்சிக்கோ."

சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். கரி கண்ணில் பட்டு எரிந்தது. அழுததற்கு ஒரு காரணம் கிடைத்த மாதிரி ஆயிற்று. ஃபோன் அடித்தது. தமிழ்ச்செல்விதான். எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும். எடுத்தால் குரல் காட்டிக்கொடுக்கும். அம்மா பின்னாலிருந்து கையை நீட்டி வாங்கினாள்.

"வந்துகினே இருக்கோம்டி. இருக்காரு, இருக்காரு. மூச்சுதான் கொஞ்சம் கம்மியா இருக்குது. நீ பாலக் காய்ச்சி வெய்யி." வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத குரலில் நெடுஞ்செழியனிடம் சொன்னாள்: "ஊட்டாண்ட போனா வண்டிய ஆஃப் பண்ணாத. ஓடிகினே இருக்கட்டும். ஓடினா ஒடம்பு ஆடும்."

இதை எப்போது யோசித்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் அம்மா பஸ்ஸில் டிக்கெட் வாங்கக்கூடத் தயங்குகிறவள். பொய் சொன்னால் மறுநாளே தானே வந்து ஒப்புக்கொள்கிறவள்.

ஆரணிக்குள் கோட்டை மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, பட்டுக் கடைகளின் முன்னால் நின்ற கார்களுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டே போனான். கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம் நிதானமாக விலகியது. ஒரு கடைக்காரர் அப்பாவின் வண்டியை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். பழக்கத்தில் நெடுஞ்செழியனும் தூக்கிவிட்டான்.

தெரு முழுக்க ஆட்கள். வீட்டு வாசலில் பெஞ்சு, அதன் மேல் கோரைப்பாய். பக்கத்தில் பெரியப்பா, வேட்டியை மடித்துக் கட்டாமல், கணுக்கால்வரை இறக்கிவிட்டு நின்றார். அப்படி அவர் நின்றால் சாவு வீட்டில் நிற்கிறார் என்று அர்த்தம்.

வண்டியை நிலைப்படிக்கு நேராக நிறுத்தினான். ஆஃப் செய்யவில்லை. எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப அமைதியாக. அடைக்காமல் விட்டிருந்தால் வண்டி குலுங்கு குலுங்கென்று குலுங்கியிருக்கும், அம்மா சொன்ன மாதிரி உடம்பும் நன்றாக ஆடியிருக்கும். நம் கை ராசி, இன்றைக்குப் பார்த்துத்தான் வேலை இவ்வளவு சுத்தமாக அமைய வேண்டுமா என்று அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துவிட்டான். மாஸ்க்கும் போர்வையும் மெல்ல அதிர்ந்தன.

தமிழ்ச்செல்வி ஓடிவந்து கதவைத் திறந்தாள். "ப்பா, ஊட்டுக்கு வந்துட்டப்பா!"

"தூக்குங்க" என்றாள் அம்மா. "உள்ள தூக்குங்க. மூச்சு வாங்குது."

நான்கு பேர் முன்னால் வந்தார்கள். பெரியப்பா கையைக் குறுக்கே நீட்டினார். "இரு."

அவர் வண்டிக்குள் தலையை விட்டு அப்பாவைப் பார்த்தார். பிறகு நெடுஞ்செழியனைப் பார்த்தார். "வண்டிய நிறுத்து."

நெடுஞ்செழியன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துடா. சத்தத்துல ஒண்ணும் தெரியல."

சாவியைத் திருப்பினான். போர்வை அசைவது நின்றது. பக்கத்து வீட்டில் மாணிக்கவேலின் விசைத்தறி தடதடத்துக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தச் சொல்லிப் பெரியப்பா கையைக் காட்டினார். யாரோ ஓடிப்போய்ச் சொன்னார்கள். தறி நின்றது. அப்படி ஒரு அமைதி அந்தத் தெருவில் பகலில் இருந்ததே இல்லை. சிலிண்டர் சீறுவது மட்டும் கடைசி ஆள்வரை கேட்டது.

பெரியப்பா குனிந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எடுக்கவில்லை. விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பார்த்தார். நெடுஞ்செழியனுக்குத் தன் காதுக்குள்ளேயே நாடி அடிப்பது கேட்டது. அதை எடுத்து அப்பாவின் கையில் வைத்துவிடலாம்போல இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் பெரியம்மா தெய்வநாயகி நின்றிருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா கண்ணைத் திறந்தார். அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கெஞ்சவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. மாஸ்க்கின் மேலிருந்து கையை மட்டும் எடுத்துவிட்டாள். உள்ளே ஒரு துளி ஆவியும் இல்லாத மாஸ்க்கைப் பெரியப்பா தெளிவாகவே பார்த்தார்.

"உசுரு இருக்குது" என்றார். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி மறுபடி சொன்னார். "என் தம்பிக்கு உசுரு இருக்குது. இன்னா வேடிக்கை பாத்துகினு நிக்கறீங்க? அந்த பெஞ்சிய உள்ள போடுங்க. ஜல்தி!"

தலைமாட்டை அவரே பிடித்தார். கால்மாட்டை நெடுஞ்செழியன் பிடித்தான். அப்பா நிலைப்படியைத் தாண்டினார்.

ஹாலில் கிடத்தி, சிலிண்டரையும் பக்கத்தில் வைத்தார்கள். தமிழ்ச்செல்வி பாலைக் கொண்டுவந்தாள். மாஸ்க்கைத் தூக்கி, முதல் ஸ்பூனை அவள்தான் ஊற்றினாள். பால் உள்ளே இறங்காமல் உதட்டோரமாக வழிந்தது. அவள் கை அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் பாலைத் துடைத்துவிட்டு, "இன்னொரு வாய் குடு" என்றாள். தமிழ்ச்செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு ஸ்பூன் ஊற்றினாள். நெடுஞ்செழியன் ஊற்றினான். சுற்றிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ஊற்ற, அம்மா ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியப்பா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்துவரவில்லை. பெரியம்மா டம்ளரையும் ஸ்பூனையும் வாங்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் நின்றாள்.

"இந்தாங்க. நீங்களும் ஊத்துங்க."

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் அவரிடம் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். டம்ளரை வாங்கும்போது பால் தளும்பிக் கையில் கொட்டியது. பெஞ்சுக்கு வந்து, தம்பியின் தாடையை இடது கையால் தாங்கிக்கொண்டு, சின்னக் குழந்தைக்குப் புகட்டுவதுபோல ஊற்றினார்.

பிறகு அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து கேட்டார்.

"பாஞ்சாலை, சொல்லிடலாமா?"

அம்மா அப்பாவின் நெற்றியில் கலைந்திருந்த முடியைச் சரிசெய்தாள். போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் மாமா. இப்பதான ஊட்டுக்கு வந்தாரு."

பெரியப்பா எழுந்துபோய், நிலைப்படிக்குக் குறுக்கே, வெளியே பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். புதிதாக வந்தவர்கள் அவரைத் தாண்டி வர முடியாமல் வாசலிலேயே நின்றார்கள்.